செங்கொடி தேடிய கசிவு

ஆட்டோவின் பின்சீட்டில் டிவியை உட்காரவைத்து, பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்து, அது சாய்ந்துவிடாமல் தோளோடு அணைத்துக்கொண்டு வந்தார் தேசப்பன். கல்மண்டபத்தில் செங்கொடியின் கடை வாசலில் இறங்கி, டிரைவரும் அவருமாகத் தூக்கிவந்து மேஜைமேல் வைத்தார்கள். இருபத்தோரு இஞ்ச் பெட்டி டிவி. போன மாதம்தான் செங்கொடி அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தாள்.

"இன்னாண்ணா, மறுபடியும் படம் வர்லியா?"

"படம்லாம் சோக்கா வருது." தேசப்பன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இத்த நீயே வெச்சிக்கோம்மா. எங்க வூட்டுக்கு வாணாம்."

"ஏன்?"

"அங்கம்மாவ தூக்கி அட்ச்சிட்ச்சி."

செங்கொடி கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"ஞாயித்துக்கெழம காலைல. மழ ஊத்திகினு இருந்துது. கூடைய கழுவிட்டு உள்ள வந்தா. டிவில படம் வுட்டு வுட்டு வந்துகினு இருந்துது. பின்னால செட்டாப் பாக்ஸ் ஒயரோட மஞ்ச பின்னு லூசா கீதுன்னு ஒரு கையால டிவிய புட்ச்சிகினு இன்னொரு கையால பின்ன அமுக்கிகீறா. அவ்ளோதான். பந்து மாதிரி போயி பீரோ மேல வுழுந்தா. மணிக்கட்டு ஒட்ஞ்சிபோச்சி. மாவுக்கட்டு போட்டு ஆறு வாரம் அசைக்கக் கூடாதுன்ட்டாங்க."

"எந்தக் கைண்ணா?"

"வலது."

தேசப்பனின் பெண்டாட்டி அங்கம்மா காசிமேட்டில் மீன் விற்பவள். ஏலத்தில் எடுத்த மீனை உட்கார்ந்த இடத்திலேயே அரிந்து கொடுப்பாள். வலது கை இல்லையென்றால் அவளுக்குக் கடை இல்லை.

"டிவிய எங்க புட்ச்சாங்க?"

பின்மூடியின் மேல்மூலையில் நாலு விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. என்றோ கீழே விழுந்து உடைந்தது. தேசப்பன் அதைக் காட்டினார். அக்டோபரில் செங்கொடி அதன்மேல் அகலமான டேப் ஒட்டியிருந்தாள். இப்போது டேப் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது.

"ஈரக் கையா?"

"மீன்காரி கை எப்பம்மா காஞ்சி கெடந்துது?"

அவர் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். ஏறுவதற்கு முன் தேசப்பன் திரும்பி, "உன் மேல தப்பு சொல்லலம்மா. அங்கம்மாவே சொல்லி அனுப்ச்சா, செங்கொடியாண்ட ஒன்னும் கேக்காத, வெச்சிட்டு வந்துடுன்னு" என்றார்.

தப்பு சொல்லவில்லை என்று ஒருவர் சொல்லும்போதே தப்பு என்கிற ஒன்று அங்கே வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஆட்டோ போன பிறகும் செங்கொடி நின்றுகொண்டே இருந்தாள். ஸ்டூலில் உட்கார்ந்தாள், எழுந்தாள். மிக்ஸி ஒன்று பாதி பிரித்துக் கிடந்தது. அதை மூடி ஓரமாக வைத்தாள். அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான். அங்கம்மாவை அடித்தது அந்த டிவியா, அல்லது அந்த டிவிக்குள் போய்வந்த தன் கையா.

செங்கொடி என்று பெயர் வைத்தவர் அவள் அப்பா. எண்ணூரில் தொழிற்சாலை வேலை. கதவடைப்பு நடந்த வருஷம் பிறந்த பெண்ணுக்கு அவருக்கு வேறு பெயர் தோன்றவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. பதினேழு வயதில், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் டிவி பூட்டுகிற கம்பெனி ஒன்றில் சேர்ந்தாள். அங்கே ஹை டென்ஷன், சுருக்கமாக எச்.டி. செக்‌ஷன் என்று ஒன்று உண்டு. பூட்டி முடித்த டிவிக்குள் இருபத்தையாயிரம் வோல்ட் சரியாக ஏறுகிறதா, எங்கேயாவது கசிகிறதா என்று பார்க்கிற இடம். ஆண்கள் அந்த இடத்துக்குப் போகத் தயங்கினார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் சீக்கிரம் வேறு இடம் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பெண்கள் கேட்கவில்லை. புதிதாக வரும் பெண்ணின் இடது கையை முதல் வாரம் முந்தானையால் இடுப்போடு கட்டிவிடுவார்கள். இரண்டு கையும் உள்ளே போனால் கரண்டு ஒரு கையில் ஏறி நெஞ்சு வழியாக மறுகையில் இறங்கும். ஒரு கை மட்டும் போனால் உதறித் தள்ளுவதோடு விட்டுவிடும். ஒரு வாரம் கட்டிவைத்தால் அந்தக் கை பிறகு தானாகவே பின்னால் போய் நின்றுகொள்ளும்.

கம்பெனி மூடியதும் மற்றவர்கள் துணிக்கடைக்கும் தையல் கம்பெனிக்கும் போனார்கள். செங்கொடி வியாசர்பாடியில், ஹவுசிங் போர்டு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இரண்டு டிவியைத் தள்ளிவைத்து ரிப்பேர் ஆரம்பித்தாள். கதவைத் தட்டி "மெக்கானிக் கீறாரா?" என்று கேட்பவர்களுக்கு "நான்தான்" என்பாள். "அவரு எப்ப வருவாரு?" என்று மறுபடி கேட்பார்கள். கல்மண்டபத்தில் மாடிப்படிக்குக் கீழே இந்தக் கடையைப் பிடித்து ஒன்பது வருஷமாகிறது. எல்.இ.டி. டிவி, மிக்ஸி, ஸ்டெபிலைசர் எல்லாம் வரும். ஆனாலும் மாதத்துக்கு ஐந்தாறு பெட்டி டிவி கடலோரத்திலிருந்து வந்துவிடும். தட்டை டிவி அங்கே இரண்டு மழைக்காலம் தாங்கினால் பெரிது. உப்புக்காற்று உள்ளே புகுந்து விளக்குப் பட்டைகளைத் தின்றுவிடும். அங்கம்மா வீட்டில் அப்படி இரண்டு போனது. அதன் பிறகுதான் பரண்மேல் கிடந்த பெட்டி டிவியை இறக்கிச் செங்கொடியிடம் அனுப்பினார்கள்.

அக்டோபரில் அவள் மாற்றியது எல்.ஓ.டி. கைப்பிடி அளவில் ஒரு கறுப்புக் கட்டி. நூற்றுப்பத்து வோல்ட்டை வாங்கி இருபத்தையாயிரமாக்கி, தடித்த சிவப்பு ஒயர் வழியாகப் பிக்சர் டியூபின் முதுகுக்கு ஏற்றுவது அதுதான். ஒயர் போய்ச் சேருகிற இடத்தில் கண்ணாடிமேல் ஒரு ரப்பர் தொப்பி உட்கார்ந்திருக்கும், கசியாமல் காக்க.

பின்மூடியைத் திறந்தாள். இரண்டு ஸ்க்ரூ குறைந்தது. தேசப்பன் திறந்து பார்த்திருக்கிறார். இடது கை முதுகுக்குப் பின்னால் போனது. நீள ஸ்க்ரூ டிரைவரில் ஒயரைக் கவ்வவைத்து, ஒயரின் மறுமுனையை எர்த்தில் மாட்டி, தொப்பிக்கு அடியில் நுழைத்தாள். டப் என்று ஒரு சத்தம். டியூபில் மிச்சமிருந்தது இறங்கியது. கொஞ்சம் பொறுத்து மறுபடி நுழைத்தாள். இரண்டாவது தடவை சத்தமில்லை.

வரிசையாகப் பார்த்தாள். சீரிஸ் பல்பை மாட்டி ஆன் செய்தாள். உள்ளே எங்கேயாவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுதாக எரிந்து காட்டிக்கொடுக்கும். அது ஒரு தடவை பளிச்சிட்டு அடங்கியது. நூற்றுப்பத்து வோல்ட் இம்மி பிசகாமல் இருந்தது. எல்.ஓ.டி.க்குப் பக்கத்திலிருக்கும் நீலக் கண்டென்சர் வற்றிப்போனால் வோல்ட் தறிகெட்டு ஏறும். அதைக் கழற்றி அளந்தாள். சரியாக இருந்தது. டியூபைச் சுற்றி வரும் எர்த் பின்னல் விறைப்பாக இருந்தது. பல்பை எடுத்துவிட்டு நேரடியாகக் கரண்டு கொடுத்தாள். படம் வந்தது. ஒரு சமையல் நிகழ்ச்சி. ஒரு பெண் சிரித்துக்கொண்டே வெங்காயம் அரிந்தாள்.

எல்.ஓ.டி.யாக இருந்துவிட்டால் நல்லது என்று செங்கொடிக்குத் தோன்றியது. அது கடையில் வாங்கிய சாமான். தவறு செய்தவன் எங்கேயோ முகம் தெரியாத ஊரில் இருப்பான். அப்படி நினைத்ததுமே தன்மேல் எரிச்சல் வந்தது. காதை டிவியின் முதுகுக்குக் கிட்டே கொண்டுபோனாள். சீறல் இல்லை. மூக்கை வைத்தாள். கசிவிருந்தால் ஜெராக்ஸ் கடை வாசனை வரும். மீன் வாசனை மட்டும் வந்தது.

அன்று வெயில். நாலைந்து நாள் மழைக்குப் பிறகு வந்த வெயில். கடைக்கு மேலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை மொறமொறவென்று சத்தம் போட்டது. மதியம் தாண்டியும் டிவி ஓடியது. சாயங்காலமும் ஓடியது. அவள் தெருமுனை வரை போய்வந்தாள், டீ வாங்கி ஆறவைத்துக் கொட்டினாள், மறுபடி வந்து பார்த்தாள். அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பக்கத்துக் கடை மோகனப்ரியா ஜாக்கெட் தைப்பவள். மிஷினை நிறுத்தாமலே கேட்டாள்.

"இன்னா யக்கா, நாலு மணி நேரமா சீரியல் பாக்குற?"

"ஒரு தப்பும் கெடைக்க மாட்டேன்னுது பிரியா."

"கெடைக்கலன்னா நல்லதுதான? ஈரக் கையோட தொட்டாங்க, அட்ச்சிது. போய் வேலைய பாரு."

"ஈரக் கையோட எல்லாருந்தான் தொடுறாங்க. தொப்பி சரியா கீதுன்னா வெளிய வரக் கூடாது அது."

"நீ வெச்ச தொப்பிதான?"

"நான் வெச்சதுதான்" என்றாள் செங்கொடி.

வீட்டில் சோற்றைத் தட்டில் பிசைந்துகொண்டே இருந்தாள். புருஷன் வரதன் சாப்பிட்டுக் கை கழுவி, டவலில் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தான்.

"இன்னா, கொழந்தைக்கு ஊட்டப்போறியா? கூழாய்ட்ச்சி அது."

"ஒரு கைல டிவிய புட்ச்சிகீறாங்க, இன்னொரு கைல பின்ன. ரெண்டு கை. நெஞ்சுக்குள்ள போய்ருந்தா?"

"போவலியே."

"போவல. போவாததுக்கு நான் காரணம் இல்ல. அட்ச்சதுக்கு நான் காரணமான்னுதான் தெர்ல."

வரதன் தண்ணீர்ச் சொம்பை அவள் பக்கம் நகர்த்தினான். தெரியாததைத் தெரிந்த மாதிரிப் பேசுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. அவனிடம் அவளுக்குப் பிடித்ததும் அதுதான். அவள் எழுந்து போய், கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை மறுபடி கழுவினாள். குழாயில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. திருகினாள். வாஷர் தேய்ந்திருந்தது, சொட்டு நிற்கவில்லை. கையைக் குழாய்க்கடியில் நீட்டியபடி கொஞ்ச நேரம் நின்றாள்.

அங்கம்மா வீட்டில் மழை. இங்கே வெயில். அங்கே ஓதம் ஏறிய சுவர், ஈரக் கூடை, கடல். இங்கே ஆஸ்பெஸ்டாஸ் சூடு. அந்த டிவிக்கு ஈரம் வேண்டும்.

மறுநாள் புதன்கிழமை கடையைத் திறந்ததும் இரண்டு கோணிப்பையை நனைத்துப் பிழிந்து டிவியைச் சுற்றிப் பந்தல் மாதிரிக் கட்டினாள். டீக்கடையிலிருந்து ஒரு பக்கெட் கொதிக்கிற தண்ணீர் வாங்கிவந்து மேஜைக்கு அடியில் வைத்தாள். டிவியின் பிளக்கைப் பிடுங்கித் தன் தோள்மேல் போட்டுக்கொண்டாள். கரண்டு இருக்கும்போது அந்த வேலை ஆகாது.

மோகனப்ரியா நூல் கடிப்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"டிவிக்கு ஆவி புடிக்கிறியா?"

"ஆமா."

"சளியா, இருமலா? கொஞ்சம் நொச்சி போடேன்."

செங்கொடிக்கு அந்த இரண்டு நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரம் ஆவி பிடிக்கவைத்தாள். பிறகு கோணிகளை எடுத்தாள், பக்கெட்டை வெளியே வைத்தாள், ஷட்டரை முக்கால்வாசி இறக்கினாள். கடை இருட்டானது. டிவியின் முதுகு தன் பக்கம் இருக்கும்படி திருப்பி, பிளக்கை மாட்டி, இரண்டடி தள்ளி நின்று, சுவர் ஸ்விட்சைப் போட்டாள்.

சர்ரென்று ஒரு சத்தம். தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி. கூடவே ஜெராக்ஸ் கடை வாசனை.

ரப்பர் தொப்பியின் ஓரத்தில் ஊதாவாக ஒரு நூல் தெரிந்தது. நூல் என்றுகூடச் சொல்ல முடியாது. புழு நெளிவதுபோல் நெளிந்து, தொப்பிக்கு அடியிலிருந்து வெளியே வந்து, கண்ணாடிமேல் ஒரு விரற்கடை ஓடி, ஒரு இடத்தில் வந்து நின்று, அங்கிருந்து நாலைந்தாகப் பிரிந்து காற்றில் துழாவியது. அது துழாவிய பக்கம்தான் மூடியின் ஓட்டை வரும்.

நின்ற இடத்தை ஞாபகம் வைத்துக்கொண்டு ஸ்விட்சை அணைத்தாள். ஷட்டரை ஏற்றினாள். ஸ்க்ரூ டிரைவரை நுழைத்தாள், டப், மறுபடி நுழைத்தாள். டார்ச்சை அடித்துப் பார்த்தாள்.

அந்த இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. சந்தனம், நடுவில் குங்குமம்.

நேற்றும் அதைப் பார்த்திருந்தாள். பார்த்தும் கண் அதைத் தாண்டிப் போயிருந்தது. அந்தக் கடையில் மீட்டரில் பொட்டு உண்டு, சால்டரிங் அயனின் ஸ்டாண்டில் உண்டு, சீரிஸ் பல்பின் பலகையில் உண்டு, ஷட்டரில் உண்டு. ஆயுத பூஜை அன்று வைத்தவை. அப்பாவுக்குச் சாமி கிடையாது. அவளுக்கும் பெரிதாகக் கிடையாது. ஆனால் அந்த நாளில் வேலைச் சாமான்களுக்குப் பொட்டு வைக்காமல் விட்டால் அவளுக்குக் கை நமநமவென்று இருக்கும். அன்று அங்கம்மாவின் டிவி பூட்டி முடித்து, மூடி போடுவதற்காக, முகத்தைச் சுவர்ப்பக்கம் வைத்துக்கொண்டு நின்றது. எல்லாவற்றுக்கும் வைத்தாயிற்று, மீன்கார வீட்டு டிவி மட்டும் மொட்டையாக நிற்கிறதே என்று, கைக்கு எட்டிய முதுகில், தொப்பியை ஒட்டிக் கண்ணாடிமேல் அவள்தான் வைத்தாள். விரல் தொப்பியின் விளிம்பிலும் பட்டிருக்கிறது. சந்தனத்தைக் குழைத்தது படிக்கட்டுக்குக் கீழே இருக்கிற போர் குழாயில் பிடித்த தண்ணீரில். கல்மண்டபத்துப் போர் தண்ணீரை வாயில் விட்டால் கடல்.

அக்டோபர் வெயிலில் அது காய்ந்து கிடந்தது. நவம்பர் மழையில், உள்ளேயிருந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டது. இருபத்தையாயிரம் வோல்ட்டுக்கு ஒரு பாதை கிடைத்தது. அங்கம்மா வீட்டில் சீறல் மழைச் சத்தத்தோடு போயிருக்கும். வாசனை மீனோடு.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தாள். பொட்டு பஞ்சோடு வந்துவிட்டது. அதற்கடியில், கண்ணாடியில், பழுப்பாக வேர் ஓடியது மாதிரி ஒரு தடம். அதையும் தேய்த்தாள். தொப்பியைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்தாள். எல்லாம் காயவைத்து, மறுபடி கோணி கட்டி, மறுபடி ஒரு மணி நேரம் ஆவி பிடிக்கவைத்து, ஷட்டரை இறக்கி ஸ்விட்சைப் போட்டாள். சத்தமில்லை. ஊதா இல்லை. இருட்டில் எதிர்ச்சுவரில் படத்தின் வெளிச்சம் மட்டும் அசைந்தது. இன்னொரு தடவையும் செய்து பார்த்தாள். இல்லை.

"கெட்ச்சிதா யக்கா?" மோகனப்ரியா ஷட்டருக்கு அடியில் குனிந்து கேட்டாள்.

செங்கொடி சொன்னாள்.

மோகனப்ரியா கொஞ்ச நேரம் கத்தரிக்கோலைத் திறந்து திறந்து மூடினாள். "தொட்ச்சிட்ட இல்ல? டிவிய வாணான்னு குடுத்துட்டாங்க இல்ல? அப்ப எதுக்கு முழிச்சிகினு நிக்கிற? நீ சொல்லாம யாருக்குத் தெரியும்?"

செங்கொடி பையை எடுத்தாள், செருப்பை மாட்டினாள், திரும்பி வந்து பிளக்கைப் பிடுங்கினாளா என்று பார்த்தாள். பிடுங்கியிருந்தாள். "கடைய கொஞ்சம் பாத்துக்க" என்று நடந்தாள்.

காசிமேடு நடக்கிற தூரம்தான். நடக்கும்போதே சொல்லவேண்டியதை ஒழுங்குபடுத்திக்கொண்டாள். ஒழுங்குபடுத்தியது ஒவ்வொரு தெருவிலும் கலைந்தது. ஐஸ் லாரி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது. அங்கம்மா வீட்டு வாசலில் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. உள்ளே டிவி இருந்த இடம் காலியாக, சுவரில் சதுரமாக ஒரு வெளிறிய தடம்.

அங்கம்மா பாயில் சாய்ந்திருந்தாள். மாவுக்கட்டு போட்ட கை தலையணைமேல் தனியாக இருந்தது.

"வா செங்கொடி. குந்து. பயந்துட்டியா? அவரு போயி இன்னாத்த சொன்னாரோ."

"வலிக்குதாக்கா?"

"வலி கெடக்குது. உசுரு கீதே." அங்கம்மா இடது கையால் அவளை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். "அத்த சொல்லணும்னுதான் உன்ன பாக்கணும்னு இருந்தேன். இவரு மூடிய தொறந்து பாத்துட்டு சொல்றாரு, உள்ள சந்தனம் குங்குமம் வெச்சிகீறா செங்கொடின்னு. எனக்கு மயிரு சிலுத்துட்ச்சி. அப்பனுக்கே சாமி கெடையாது, பொண்ணு எங்க வூட்டு டிவிக்குப் பொட்டு வெச்சிகீது பாரு. ஆத்தா அதுலதான் வந்து குந்திகீறா. நெஞ்சுக்கு வந்தத கையோட நிறுத்திட்டா."

வாசல்படியில் உட்கார்ந்திருந்த தேசப்பன் தலையாட்டினார்.

செங்கொடிக்கு ஒழுங்குபடுத்தி வைத்திருந்தது முழுக்கப் போய்விட்டது. எழுந்து நின்றாள். சுவரிலிருந்த சதுரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அந்தப் பொட்டாலதான்க்கா அட்ச்சிது."

"இன்னாது?"

"தொப்பிக்குப் பக்கத்துல வெச்சிட்டேன். வெக்கக் கூடாத எடம். உப்புத் தண்ணில கொழச்ச சந்தனம். ஈரத்துல அது வழி வுட்டுட்ச்சி. தேடிப் பாத்துட்டேன். நெசமா தெரிஞ்சதும் வந்தேன்."

தேசப்பன் எழுந்து உள்ளே வந்தார். "பொட்டுல கரண்டு வருமா?"

"கரண்டு உள்ள கீதுண்ணா. அத்த வெளிய வர வெச்சது பொட்டு. வெச்சது நானு."

அங்கம்மா அவளையே பார்த்தாள். மீனின் செவுளைப் பிரித்துப் பார்க்கும்போது பார்க்கிற பார்வை.

"இத்த சொல்லத்தான் வந்தியா?"

"ஆமாக்கா."

"வேற யாராச்சும் உன்ன கேட்டாங்களா?"

"இல்ல."

"நான் கேட்டனா?"

"இல்லக்கா."

"ஆறு வாரம் குந்திகினு கெடக்கணும். ஏலத்துக்குப் போவ முடியாது, ஒரு சங்கரா அரிய முடியாது. ஆத்தா காப்பாத்துனான்னு நெனச்சிகினு கெடந்தேன். அதுலயாச்சும் தூக்கம் வந்துது." அங்கம்மாவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. "அத்தையும் புடுங்கிகினியே. வூட்டுக்குப் போ செங்கொடி."

தேசப்பன் வாசல்வரை வந்தார். கவிழ்ந்திருந்த கூடை ஒன்றை நகர்த்தி வழிவிட்டார்.

அன்று செங்கொடி கடைக்குத் திரும்பவில்லை. நேரே வீட்டுக்கும் போகவில்லை. மீன்பிடித் துறைமுகத்துச் சுவர் ஓரமாக இரண்டு தடவை நடந்தாள். வியாழக்கிழமை விடியும்போது அவள் காசிமேட்டில் இருந்தாள். படகுகள் வந்திருந்தன. ஏலம் பாதி முடிந்திருந்தது. ஐஸும் சேறும் ஆட்களின் கால்களும் ஒன்றாகக் கலந்து கிடந்த இடத்தில் அங்கம்மாவைத் தேடினாள். வரமாட்டாள் என்றுதான் நினைத்தாள். அவள் வந்திருந்தாள். மாவுக்கட்டின்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு, எப்போதும் உட்காரும் இடத்தில், முன்னால் ஒரே ஒரு கூடை மீனோடு உட்கார்ந்திருந்தாள். இடது கையில் கத்தி. ஒரு கவளையை அரியப் பார்த்தாள். அது வழுக்கிச் சேற்றில் விழுந்தது.

செங்கொடி குனிந்து எடுத்தாள். கழுவினாள். அங்கம்மா அவளைப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. செங்கொடி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு வேன் பின்னால் வந்தபோது கூடையை நகர்த்தினாள். பக்கத்துக்காரி தண்ணீர்க் குடத்தை நீட்டியபோது வாங்கி வைத்தாள்.

வழக்கமாக வாங்குகிற ஒருத்தி வந்து நின்றாள். சங்கராவைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் செங்கொடியையும் பார்த்தாள்.

"யாரு அங்கம்மாக்கா இது, புதுசா கீது?"

"டிவிக்காரி" என்றாள் அங்கம்மா. "என் கைய ஒட்ச்சவ."

அந்தப் பெண் சங்கராவைக் கீழே வைத்துவிட்டாள்.

"அதான் கை குடுக்க வந்துகீறா" என்றாள் அங்கம்மா. "நீ எடுத்த மீன எதுக்குக் கீழ வெக்கிற? ரெண்டு கிலோவா, ஒன்றரையா?"

"ஒன்றர போதும். நல்லா செதில் எடுத்துக் குடுங்க."

அங்கம்மா கத்தியை இடது கையால் செங்கொடி பக்கம் தள்ளினாள். செங்கொடி டிவிக்குள் கைவிட்டிருக்கிறாளே ஒழிய, மீனை அடுத்தவர்களுக்கு அரிந்து கொடுத்ததில்லை. முதல் மீனில் செதில் அவள் முகத்தில் தெறித்தது. இரண்டாவதில் வயிற்றை ஆழமாகக் கீறி, பித்தப்பையை உடைத்துவிட்டாள்.

"கலீஜ் பண்ணாத. வாலுலருந்து தலைக்கு சொரண்டு. அமுக்காத, அது செத்துப்போச்சி, ஓடாது." வாங்க வந்தவள் சிரித்தாள். அங்கம்மா சிரிக்கவில்லை. "பித்து ஒட்ஞ்சத தனியா போடு. அத்த அவளுக்குக் குடுக்காத."

ஏழு மணிக்குள் கூடை காலியானது. செங்கொடியின் விரல்களில் மூன்று இடத்தில் கீறல். உப்புத் தண்ணீர் பட்டு எரிந்தது. அவள் கூடையைக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் நின்றாள். வீட்டுக்குப் போ என்று இன்னொரு தடவை சொல்லிவிடுவாளோ என்று பார்த்தாள்.

அங்கம்மா மாவுக்கட்டின்மேலிருந்த பையைப் பல்லால் இழுத்துச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு நாலு மணிக்கே வா. லேட்டா வந்தா ஏலத்துல மத்திகூட மிஞ்சாது."

செங்கொடி தலையாட்டினாள். ஐஸ் லாரிகளுக்கு நடுவே கல்மண்டபத்தைப் பார்த்து நடக்கும்போது கணக்குப் போட்டாள். அடி பட்டது ஞாயிறு, இன்று வியாழன். கட்டுப் பிரிக்க இன்னும் முப்பத்தெட்டு நாள் இருந்தது.